கேட்டால்தான் வரும்

ஜன்னலை அப்படியே விடுங்க சார், காத்து வரட்டும். காலையிலிருந்து ஏசி ரூம்லயே உட்கார்ந்து உடம்பு விறைச்சுப் போச்சு. நீங்களும் இந்தப் பஸ்ல சேலம்தானே? நல்லதாப் போச்சு. பேச்சுத் துணையாச்சு.

கோயமுத்தூருக்கு இன்டர்வியூவுக்கு வந்தேங்க. இந்த வயசுலயான்னு பாக்கறீங்க. அங்கயும் எல்லாரும் அப்படித்தான் பாத்தாங்க. வாசல்ல இருந்த செக்யூரிட்டி, "பையனைக் கூட்டிட்டு வந்தீங்களா சார்"னு கேக்கறான். "பையன் இல்லப்பா, நான்தான்"னேன். அவனுக்குச் சங்கடமாப் போயி தண்ணி பாட்டில் ஒண்ணு எடுத்துக் குடுத்தான்.

வேலை கிடைச்சுதான்னு கேக்காதீங்க. எனக்கு எதிர்ல கேள்வி கேக்கற இடத்துல யாரு உட்கார்ந்திருந்தான்னு கேளுங்க.

வெண்மதி.

யாருன்னு உங்களுக்குத் தெரியாது. ஆத்தூர்ப் பொண்ணு. எங்கிட்ட வேலை பாத்தவ. வந்து சேந்தப்ப "மாதேஸ்வரண்ணா, மாதேஸ்வரண்ணா"ன்னு எதுக்கெடுத்தாலும் என் மேஜைக்கு வந்து நிப்பா. இன்னிக்கு நடு நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு, "வாங்க சார், சாப்பிட்டீங்களா"ங்கறா. சார்! அண்ணன் போயி சார் ஆயிட்டேன்.

முதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

சேலத்துல ஒரு சின்ன கம்பெனிங்க. குருநாதன்னு ஒருத்தரோடது. ரத்தப் பரிசோதனை பண்ற லேப் இருக்கில்லைங்களா, ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கறது, வெளியில தனியா இருக்கறது, அதுகளுக்கெல்லாம் சாஃப்ட்வேர் செஞ்சு குடுக்கறது. மிஷின் ரத்தத்தைப் பாத்து ஒரு நம்பர் சொல்லும். எங்க சாஃப்ட்வேர் அதை வாங்கி ரிப்போர்ட் அடிச்சுக் குடுக்கும். நம்பர் ஆபத்தான அளவுல இருந்தா டியூட்டி டாக்டர் போனுக்கு உடனே மெசேஜ் அனுப்பும். கம்பெனி ஆரம்பிச்சதுல இருந்து நான்தான் அதுக்கெல்லாம் தலை.

பைத்தான்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி. அதுல எழுதறப்ப எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுத மாட்டோம். தனித்தனி ஃபைலா எழுதி வெப்போம், மாட்யூல்னு பேரு. ரிப்போர்ட்டுக்கு ஒண்ணு, மெசேஜுக்கு ஒண்ணு, பிரிண்டருக்கு ஒண்ணு. ஆனா எல்லாத்துக்கும் பொதுவா சில விஷயம் வேணும். லேப்போட பேர், சர்வர் எங்க இருக்கு, எந்த அளவுக்கு மேல போனா ஆபத்து, டாக்டர் போன் நம்பர் என்ன, இப்படி. அதையெல்லாம் ஒரே பொது ஃபைல்ல வெச்சிருந்தேன். கான்ஃபிக்னு சொல்லுவோம். அது என் கையில இருந்துச்சு. ஒருத்தரும் அதைத் தொடக்கூடாது. புதுசா ஒண்ணு சேக்கணுமா, எங்கிட்ட வந்து கேக்கணும். பசங்க வந்து வரிசையா நிப்பாங்க. நான் பாத்து, சரிதான்னா சேத்து விடுவேன்.

என் முறை என்னன்னா, சாஃப்ட்வேரை ஆரம்பிச்ச உடனே அந்தப் பொது ஃபைல்ல இருக்கற அத்தனையும் வந்து உட்காந்துரணும். ஒண்ணு குறைஞ்சாலும் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. கத்தும். கல்யாணத்துக்குச் சமைக்கறவங்க அடுப்பு மூட்டறதுக்கு முன்னாடியே அத்தனை சாமானும் இருக்கான்னு பாத்துக்கறாங்க இல்லைங்களா, அந்த மாதிரி. தப்பா? நீங்களே சொல்லுங்க.

லேப் கூடக் கூட ஆரம்பிக்கறதுக்கு நேரம் புடிச்சது. ஒத்துக்கறேன். அந்த விவரமெல்லாம் நெட் வழியா எங்க சர்வர்ல இருந்து வரணும். ஓமலூர்ல ஒரு லேப். அங்க நெட்டு எப்பவும் இழுத்துக்கிட்டே இருக்கும். காலையில சாஃப்ட்வேரைத் திறந்துட்டு உட்காந்திருக்கணும். அங்க ஸ்டெல்லான்னு ஒரு டெக்னீஷியன், தினம் காலையில போன். "சார், சாப்பிடாம வந்து நிக்கறாங்க சார், சர்க்கரைக்காரங்க சார், ஒருத்தர் மயங்கி உட்காந்துட்டார் சார்." நான் என்ன பண்றது? நெட்டை நானா இழுத்துட்டு வர முடியும்? ஒரு டீ குடிச்சிட்டு வர்ற நேரம். அதைக்கூடப் பொறுக்க முடியலைன்னா?

இந்த வெண்மதி என்ன பண்ணினா தெரியுங்களா? யாரையும் கேக்காம ஒரு நாள் காலையில ஓமலூருக்கே பஸ் ஏறிப் போயிட்டா. போயி அந்த வரிசையில நின்னு பாத்துட்டு வந்திருக்கா. வந்து எங்கிட்ட, "அண்ணா, பிரிண்டர் அமைப்பு, லோகோ, மாசக் கடைசி ரிப்போர்ட்டுக்கு வேண்டியது, இதெல்லாம் காலையில எதுக்குண்ணா வரணும்? எது எப்ப வேணுமோ அப்பப் போயி எடுத்துக்கலாமே. ஒரு தடவை எடுத்தா வெச்சுக்கலாம், மறுபடி போக வேண்டாம்"னா.

லேஸி லோடிங்னு சொல்லுவாங்க அதை. பேரே பாருங்க, சோம்பேறி. கேட்டாத்தான் வரும். கேக்காத வரைக்கும் அது இருக்கா இல்லையான்னே தெரியாது. "இது சோம்பேறித்தனம்மா"ன்னேன். "சோம்பேறித்தனம் இல்லைண்ணா. வேண்டாத வேலையை வேண்டாத நேரத்துல செய்யாம இருக்கறது"ங்கறா. பசங்க எல்லாம் சிரிச்சாங்க. என் முன்னாடியே.

"அடுப்பு மேல எண்ணெய் காயறப்ப கடுகு டப்பாவைத் தேடுவியா"ன்னு கேட்டேன். ஒரு நிமிஷம் யோசிச்சா. அப்புறம், "அதுவும் சரிதாண்ணா. அப்ப ரொம்ப முக்கியமானது நாலஞ்சு மட்டும் இருக்கான்னு ஆரம்பத்துலயே பாத்துக்கலாம். மத்தது கேக்கறப்ப வரட்டும்"னா.

நான் விடலைங்க. பசங்க எல்லாம் அவ பக்கம் சாஞ்சுட்டாங்க. லேஸின்னு முடிவு பண்ணியாச்சுன்னா முழுக்க லேஸியாவே இருக்கட்டும்னேன். பாதி அது பாதி இதுன்னு எனக்குப் புடிக்காது. முக்கியமானது இருக்கான்னு ஆரம்பத்துல பாக்கற அந்தச் செக்கை அவ எழுதி எனக்கு அனுப்பினா, நான் திருப்பி அனுப்பினேன். மறுபடி அனுப்பினா, மறுபடி திருப்பினேன். "சோம்பேறித்தனம்தான் வேணும்னீங்க, அனுபவிங்க"ன்னு கீழ ஒரு வரி எழுதினேன். தமாஷுக்குத்தான்.

குருநாதன் கிட்ட அந்தப் புது முறையை அவ போட்டுக் காட்டினா. பட்டனை அமுக்கினா, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள சாஃப்ட்வேர் ரெடி. அந்த மனுஷன் கை தட்டறார். எனக்கு இத்தனை வருஷத்துல ஒரு தடவை கை தட்டினதில்லை. ஓமலூர் ஸ்டெல்லா இனிப்புப் பொட்டலம் கொண்டாந்து குடுத்துட்டுப் போனா. வெண்மதி அதை எல்லாருக்கும் குடுத்துட்டு எனக்கும் கொண்டாந்தா. "சர்க்கரை இருக்கு, வேண்டாம்"னுட்டேன். இல்லைங்க, எனக்குச் சர்க்கரை இல்லை.

அதுக்கப்புறம் என் மேஜைக்கு யாரும் வர்றதில்லை. யாருக்கு எது வேணுமோ அவங்கவங்களே பொது ஃபைல்ல சேத்துக்கிட்டாங்க. நான் காலையில வருவேன், உட்காருவேன், சாயங்காலம் போவேன். "அண்ணா இது இருக்கட்டுமா, அது இருக்கட்டுமா"ன்னு ஒரு குரல் கிடையாது. ஒரு ஆபீஸ்ல ஒரு மனுஷன் அப்படி உட்காந்திருக்கறது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதுங்க.

சரி, நம்ம ஃபைலாச்சே, சுத்தமாவாவது வெச்சிருப்போம்னு ஒரு நாள் உட்காந்து பாத்தேன். எவனோ பழைய ஆள் எழுதிக் குடுத்தது, டாக்டர் அவசர நம்பருக்கு வெச்ச பேர்ல இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கே தப்பு. ஒரு எழுத்து இல்லை. வருஷக்கணக்கா கண்ணை உறுத்திக்கிட்டே இருந்துச்சு. திருத்தினேன். அவ்வளவுதான். ஒரே ஒரு எழுத்து.

அதைக் கேக்கற இடம் மெசேஜ் மாட்யூல்ல இருக்கு. அங்க பழைய பேர்லயே கேக்கும். அங்கயும் மாத்தணும்தான். ஆனா மெசேஜ் மாட்யூல் வெண்மதியோடது. அவங்கவங்க இடத்தை அவங்கவங்கதானே பாத்துக்கணும்?

சொன்னீங்களான்னா? எதுக்குங்க சொல்லணும்? அவங்க எங்கிட்டச் சொல்லிட்டா எல்லாம் செய்யறாங்க? அதுவும் இல்லாம, என் பழைய முறையில இருந்திருந்தா அடுத்த தடவை ஆரம்பிக்கறப்பவே கத்தியிருக்கும், "இந்தப் பேர்ல ஒண்ணும் இல்லை"ன்னு. அந்தச் சோம்பேறி முறையில கத்தலை. ஆரம்பிச்சுது, நல்லா ஓடுச்சு, ரிப்போர்ட் எல்லாம் வந்துச்சு. அந்த நம்பரைக் கேக்கற அவசியமே யாருக்கும் வரலை.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்துச்சு.

சேலத்துலயே ஒரு ஆஸ்பத்திரி. கிட்னி போன ஒருத்தர். தறி ஓட்டறவர்னு அப்புறம் சொன்னாங்க. ரத்தத்துல பொட்டாசியம் ஏறிருச்சு. ஏறுனா இதயம் நின்னுரும். மிஷின் சரியா நம்பர் சொல்லிருச்சு. எங்க சாஃப்ட்வேரும் ஆபத்துன்னு கண்டுபுடிச்சு சிவப்பாக் காட்டிருச்சு. மெசேஜ் அனுப்பறதுக்கு டாக்டர் நம்பரைக் கேட்டுச்சு. பழைய பேர்ல கேட்டுச்சு. இல்லை. ஒரு மூலையில பொடி எழுத்துல ஏதோ பிழைன்னு போட்டுட்டு நின்னுருச்சு. லேப்ல இருந்த பொண்ணு சிவப்பைப் பாத்திருக்கு. எப்பவும் மெசேஜ் தானாப் போயிரும், போயிருக்கும்னு நெனச்சு அடுத்த ரத்தத்தை எடுக்கப் போயிருச்சு. டாக்டர் வேற வார்டுல இருந்திருக்கார். போன் சட்டைப் பையிலயே இருந்திருக்கு, மணி அடிக்கவே இல்லை.

ஆமாங்க. இறந்துட்டார்.

திங்கக்கிழமை ஆபீஸ்ல ஒரே களேபரம். வெண்மதி வந்த உடனே உட்காந்து தேடினா. கொஞ்ச நேரத்துலயே கண்டுபுடிச்சுட்டா. எந்தப் பேரு, எப்ப மாறுச்சு, யாரு மாத்தினாங்க, எல்லாம் கம்ப்யூட்டர்லயே பதிஞ்சிருக்கும். திரும்பி என்னைப் பாத்தா. பேர் மாத்தினது நான்தான், நான் மறைக்கலை. அது வேற விஷயம். ஆனா ஆளைக் கொன்னது ஒரு எழுத்தா, இல்லை அந்த முறையா? நீங்க யோசிச்சுப் பாருங்க.

அன்னிக்கே அந்தத் தறிக்காரர் மகன் வந்துட்டான். கையில ஹெல்மெட். எப்படியோ விசாரிச்சுக்கிட்டு ஆபீசுக்கே வந்துட்டான். "எங்கப்பாவைப் பத்தி டாக்டருக்கு மெசேஜ் போயிருக்கணுமாமே, ஏன் போகலை"ன்னு வாசல்ல நின்னு கேக்கறான். கத்தலை. சாதாரணமாத்தான் கேக்கறான். குருநாதன் உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டார். எனக்கு ஒரு போன் வந்துச்சு. நிஜமாவே வந்துச்சுங்க, ஏதோ கிரெடிட் கார்டு வேணுமான்னு. பேசிக்கிட்டே படிக்கட்டுப் பக்கம் போயிட்டேன். ஆனா காது கேக்கும்ல?

வெண்மதி எழுந்து போயி நாற்காலி இழுத்துப் போட்டா. "உட்காருங்கண்ணா"ன்னா. தண்ணி குடுத்தா. "மெசேஜ் போயிருக்கணும். எங்க சாஃப்ட்வேர் அனுப்பலை. தப்பு எங்களோடது"ன்னு சொன்னா. சொல்லலாமா அதை? வெளியாள் கிட்ட?

அவன் ஹெல்மெட்டைக் கீழ வெச்சான். அப்புறம் கேட்டான், "யாராவது ஒருத்தர் டாக்டருக்கு ஒரு போன் பண்ணியிருந்தா போதுமாங்க?"

அவ "போதும்"னா.

அந்த ஒரு வார்த்தைங்க. "போதும்." அதுதான் கம்பெனியை முடிச்சுது. அவன் எழுந்து போயிட்டான். இவ அந்த நாற்காலியிலயே உட்காந்து அழறா. பசங்க சுத்தி நிக்கறாங்க. நான் போன் பேசி முடிச்சுட்டு வந்து, "யாரும்மா உன்னைப் பேசச் சொன்னது"ன்னு கேட்டேன். நியாயமாத்தான் கேட்டேன்.

குருநாதன் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டார். இவ சொல்றா, "சார், பேர் எப்படி மாறுச்சுன்னு அண்ணாவே சொல்லட்டும். யாரையும் திட்டறதுக்கில்லை. இனிமே நடக்காம இருக்கறதுக்கு." நானும் ஒளிக்காம சொன்னேன். "மாத்தினது நான்தான் சார், எழுத்துப்பிழை. என் முறையில இருந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். லேஸி லோடிங் வேண்டாம்னு நான் அன்னிக்கே சொன்னேன்." அதுல ஒரு பொய் உண்டா? குருநாதன் என்னைப் பாத்தார், அவளைப் பாத்தார். அவருக்குப் பேர் மாறுனதெல்லாம் காதுலயே ஏறலை. "நீ எதுக்கும்மா அவன்கிட்ட ஒத்துக்கிட்ட"ன்னார். அவ்வளவுதான். அந்த வாரமே அவளை அனுப்பிட்டார்.

கிளம்பறப்ப என் மேஜைக்கு வந்தா. எத்தனையோ மாசம் கழிச்சு வந்தா. மன்னிப்புக் கேக்கப் போறான்னு நெனச்சேன். "அண்ணா, அந்தச் செக்கை மட்டும் சேத்துருங்க. முக்கியமானது நாலஞ்சு இருக்கான்னு காலையில பாக்கறது. நான் எழுதுனது அப்படியே இருக்கு"ன்னா.

"தேவையில்லை. எல்லாத்தையும் பழையபடி மாத்திடறேன்"னேன். மாத்தினேன். மறுபடி என் கையில பொது ஃபைல். மறுபடி காலையில எல்லாம் ஒண்ணா வரும். ஓமலூர்ல இருந்து மறுபடி போன். கொஞ்ச நாள்ல போன் நின்னு போச்சு. அவங்க வேற கம்பெனி சாஃப்ட்வேர் வாங்கிட்டாங்க. அப்புறம் ஒவ்வொரு லேப்பாப் போச்சு. பசங்களும் ஒவ்வொருத்தனா நின்னுட்டானுங்க. ஒருத்தனும் ஏன்னு சொல்லலை. குருநாதன் இப்ப அந்த இடத்தை டியூஷன் சென்டருக்கு விட்டுட்டார். நான் வீட்ல. இன்னிக்கு நெலமைக்குக் காரணம் யாருங்கறீங்க?

சரி, இன்னிக்குக் கதைக்கு வர்றேன்.

மூணு பேரு உட்காந்திருந்தாங்க. ரெண்டு சின்னப் பசங்க, நடுவுல இவ. இதுவும் ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் கம்பெனிதான், பெருசு. பசங்க கேட்டதுக்கெல்லாம் பட்டுப்பட்டுன்னு சொன்னேன். பொது மதிப்புகளை எப்படி வெப்பீங்கன்னு கேட்டான் ஒருத்தன். போர்டுல போட்டே காட்டினேன். முக்கியமானதை ஆரம்பத்துலயே சரி பாக்கணும், மத்தது கேக்கறப்ப வந்தாப் போதும், பேர் மாத்தினா அதைக் கேக்கற எல்லா இடத்துலயும் மாத்தணும், கூட இருக்கறவங்களுக்குச் சொல்லணும். நான் எப்பவும் சொல்றதுதான் அது. பசங்க அசந்துட்டாங்க. இவ கேட்டுக்கிட்டிருந்தா. அவ வாயைத் திறக்க முடியுமா?

அப்புறம் ஒரு பையன், "பழைய இடத்துல ஏதாவது பெரிய பிரச்சினை சந்திச்சிருக்கீங்களா சார்"னான். சொன்னேன். ஒரு வடிவமைப்புக் கோளாறு, அதனால ஒரு அசம்பாவிதம், அப்புறம் நான் சரி பண்ணினேன். கண்ணியமா, யார் பேரையும் இழுக்காமச் சொன்னேன். அவ உட்காந்திருக்கறப்பவே அவ பேரைச் சொல்லலை பாருங்க. அதுக்காவது நன்றி இருக்கணும்ல?

அவ மெதுவாக் கேட்டா. "சார், அவர் பேர் ஞாபகம் இருக்கா?"

"யார் பேரு?"

"அந்த நோயாளி பேரு."

நான் யோசிச்சுப் பாத்தேன். எனக்கு எப்படித் தெரியும்? ஒரு தறிக்காரர். நான் பாத்தது கூட இல்லை. "இல்லைங்க மேடம், ஞாபகம் இல்லை"ன்னேன். மேடம்னுதான் சொன்னேன். அவ சார்னா நான் மேடம்.

அவளே பேரைச் சொன்னா. பசங்க ரெண்டு பேரும் குனிஞ்சுக்கிட்டாங்க.

இதெல்லாம் பைத்தான் கேள்விங்களா? நீங்களே சொல்லுங்க. எந்த ஊர் இன்டர்வியூல செத்தவன் பேரைக் கேக்கறாங்க?

முடிஞ்சு வெளிய வர்றேன், லிஃப்ட் வரைக்கும் கூடவே வர்றா. "சார், வேலை தெரிஞ்ச ஆள் நீங்க. அதுல குறையே இல்லை. ஆனா வேண்டாம்னு எழுதப் போறேன். வேற யாரோ சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேண்டாம்னுதான் நானே சொல்றேன்"ங்கறா. முகத்துக்கு நேரா! கொஞ்சமாவது மரியாதை இருந்தா ஒரு மெயில் அனுப்பிட்டுப் போக மாட்டாளா? "எதனால"ன்னு கேட்டேன். "இத்தனை வருஷத்துல நீங்க ஒரு தடவை எனக்குப் போன் பண்ணுவீங்கன்னு நெனச்சேன் சார்"னா. எதுக்கு? நான் எதுக்கு அவளுக்குப் போன் பண்ணணும்? அவதானே பண்ணணும்? லிஃப்ட் வந்துருச்சு. அந்தத் தறிக்காரர் மகன் கூட இன்னும் பேசிக்கிட்டிருக்காளாம். அவன் தங்கச்சியை இவதான் படிக்க வெக்கறாளாம். யாரு கேட்டா இதையெல்லாம்? கதவு மூடறப்ப அதைச் சொல்லிட்டுப் போறா, என்னமோ நான் கேட்ட மாதிரி.

வீட்ல என்ன சொல்றதுன்னு தெரியலைங்க. காலையில சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுக் குடுத்து அனுப்பினா என் சம்சாரம். தெரிஞ்ச பொண்ணு பழி தீத்துருச்சுன்னு சொல்லணும். வேறென்ன சொல்றது?

என்ன சார், ஒண்ணுமே பேச மாட்டேங்கறீங்க. இவ்வளவு நேரம் ம் ம்னு கேட்டுக்கிட்டிருந்தீங்க.

என்னது? பேரா?

அந்தத் தறிக்காரர் பேரா?

இருங்க. அவ சொன்னாளே. மத்தியானம்தானே சொன்னா... துரைன்னு முடியும். செல்லதுரை... இல்லை, தங்கதுரையா... என்னமோ துரை. வாய் வரைக்கும் வருது. உங்களுக்கு எதுக்கு சார் அது? நீங்க அவருக்கு உறவா?